கூடலிற் கண்ட நண்பர்

மதுரையைப் பற்றி முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருபவன் நான். சங்கப் பலகையும் பொற்றாமரையும் என் வகுப்பறையில் எத்தனையோ முறை வந்து போயின. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஆனி மாதம் வரை அவ்வூரின் ஒரு தெருவையேனும் கண்ணாற் கண்டவனல்லன். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இற் கப்பல் ஓடத் தொடங்கிய நாள்முதல், "போய் உங்கள் சிநேகிதரைப் பார்த்து வாருங்கோ" என்று என் மனைவி நெருக்கி வந்தாள். கடலிலே செல்லும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. அந்த நான்கு மணி நேர வழியைக் கடக்க எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

நண்பரும் நானும் ஆசிரிய கலாசாலையில் ஓரறையில் இருந்தவர்கள். இரவிலே குப்பி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு பண்டிதப் பரீட்சைக்கு இலக்கணம் படித்தோம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தபோது, அவர் என் வீட்டு வாசலில் நின்று ஒரு புத்தகத்தைத் தந்தார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையருடைய உரைவிளக்கக் குறிப்புகளுடன் 1938இற் சுன்னாகத்திலே நா. பொன்னையா வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரம், சேனாவரையம். "இதை வைத்திரும், பரீட்சைக்கு வரும்போது வாங்குகிறேன்" என்றார். பரீட்சைக்கு அவர் வரவில்லை. வள்ளமேறி இராமேசுவரம் போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன். 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே அரிசிப் பையோடு அந்தப் புத்தகத்தையும் சைக்கிளிற் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு போனேன். நல்ல கட்டு, ஓர் இதழேனும் கழன்றதில்லை.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கித் தொலைபேசியில் அழைத்தேன். "அங்கனயே நில்லுங்க, வந்துர்றேன்" என்றது ஒரு குரல். வேறு எவரோ என்று ஐயுற்றேன். அரை மணியில் நரைத்த தலையோடு எதிரே வந்து நின்றவர், "என்ன ஐசே, இப்படி மெலிஞ்சு போனீர்?" என்று கேட்டபோதுதான் என் நண்பர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். இரண்டு தமிழ் அவரிடம் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் மாறுவது மூச்சு வாங்குவதைப் போல இயல்பாக நடந்தது.

அவருடைய மனைவி மன்னாரைச் சேர்ந்தவர். மண்டபம் முகாமிலே அறிமுகமானவர். ஒரே மகள். தமிழில் முதுகலைப் பட்டமும் கல்வியியற் பட்டமும் பெற்றுத் தனியார் பள்ளியொன்றிற் சிறு சம்பளத்துக்குப் படிப்பிக்கிறாள். "அப்பா ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க மாமா" என்று அவள் சொன்னதும் நான் திடுக்கிட்டேன். எங்களூரிற் பேசுதல் என்றால் ஏசுதல். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "பயப்படாதையும். இங்கே கதைக்கிறதைத்தான் பேசுறது என்கிறவை." பிறகு மகளுக்கு அதை விளக்கினார். அவள் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் நகரைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றை ஒன்று சூழ மாதப் பெயரோடு வீதிகள் அமைந்துள்ளன. வழி தவறியவன் எந்த மாதத்தில் நிற்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்திலே பல்லாண்டு இருந்த புத்தகக் கடைகளும் தையற்காரரும் இப்போது இல்லை. அங்கே பழைய நூல்களைத் தேடித் திரிந்த காலத்தை நண்பர் ஏக்கத்தோடு சொன்னார். அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு நோக்குபவர். திருமண அழைப்பிதழ்களில் ஒற்று மிகுவித்தே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன என்றார்.

தமிழ்ச் சங்கச் சாலைக்கு நானே வற்புறுத்திச் சென்றேன். 1901இற் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய சங்கம் அங்கே உள்ளது. செந்தமிழ்க் கல்லூரியும் உள்ளது. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு எழுதியவர். பின்னாளில் விபுலாநந்த அடிகளான மயில்வாகனனார் 1916இல் அதன் பண்டிதப் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்திலே தோன்றித் தானே பரீட்சை நடத்தும் முன்னர், பண்டிதர் பட்டம் வேண்டிய நம்மவர் இந்தச் சங்கத்தையே நாடினர். அன்று கடல் குறுக்கே நிற்கவில்லை. அதைக் கடந்து வந்தவனிடம் எந்த நாட்டான் என்று பத்திரம் கேட்டாருமில்லை.

இதை நான் சொன்னபோதுதான் நண்பர் தம் மனத்தில் இருந்ததைத் திறந்தார். 1987 ஆடி முதலாந் திகதிக்குப் பின் இந்தியாவிற் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாய் இருந்தாலன்றிப் பிறப்பாற் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதிற்று. இலங்கையர் அதிற் சேரவில்லை. ஆகவே மதுரையிற் பிறந்து, மதுரையிற் கற்று, மதுரைத் தமிழே பேசும் அந்தப் பெண் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை ஆகமுடியாது. அகதி முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியதை நினைவூட்டினேன். "பெயர் மாறிற்று; வேற்றுமை மாறவில்லை" என்றார். சேனாவரையரைப் படித்தவர் வேறெப்படிச் சொல்வார்!

"இவளை ஊருக்கு அனுப்பலாமா? நீர் சொல்லும்" என்று கேட்டார்.

எளிதான விடை என்னிடம் இல்லை. மயிலிட்டியை அடுத்த அவருடைய காணி விடுபட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்திருந்தேன். வீடு இல்லை, கிணறு உண்டு, பற்றை வளர்ந்திருக்கிறது. வேலையைப் பற்றியும் மறைக்காமற் சொன்னேன்: எங்கள் பட்டதாரிகளும் வேலை கேட்டுத் தெருவோரத்திற் கொட்டகை போட்டு இருந்தவர்கள்தாம், 2017இல் யாழ்ப்பாணத்திலே கண்டோம். தாயார் அழத் தொடங்கினார். இங்கேயே மணம் முடித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒருத்தி உரிமை பெறுவதற்காக மணம் பேசுவது அவளுக்கும் கேடு, வருகிறவனுக்கும் கேடு. இதைச் சொல்லிவிட்டேன்.

மகள் அதுவரை சேனாவரையத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தந்தையார் இருபது வயதிற் பென்சிலால் ஓரத்தில் எழுதிய குறிப்பொன்றைக் காட்டி, "இது தப்புப்பா" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், அரைமணி வாதாடினார், தோற்றார். அப்பொழுது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மதுரையில் வேறெங்கும் நான் காணவில்லை. பிறகு அவள் என்னிடம் திரும்பி, "மொதல்ல பதிவு பண்ணிக்கிறேன் மாமா. போறதா இருக்கிறதான்னு அப்புறம் நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

வம்சாவளியால் இலங்கைக் குடியுரிமை பதிவதற்கான மனுவைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்திற் கொடுக்கலாம். அதற்குத் தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அவருடையது 1990இல் வள்ளத்தோடு நனைந்து போயிற்று. ஊர் திரும்பிய மறுநாளே தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்குச் சென்று, பிறந்த திகதியையும் தாய் தந்தையர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும், அடுத்த கிழமை வாருங்கோ என்றார் இலிகிதர்.