பதினோரு பையன்களும் ஒரு வாத்தியாரும்!

ஆட்டத்துக்கு 9 பேர் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்ததோ மொத்தம் 11 பேர்!

மூன்று பேருக்குக் காயம் பட்டால் போதும். ஆட்டம் அதோடு முடிந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இந்த 11 பையன்கள், பெரிய பெரிய நகரங்களில் இருந்து வந்த பள்ளிக் கோஷ்டிகளை ஒவ்வொன்றாகத் தோற்கடித்தார்கள். இறுதிப் பந்தயம் வரை போனார்கள். நாடே அவர்களைப் பார்த்து வியந்தது.

இது கட்டுக்கதை அல்ல. ஜப்பான் நாட்டில் 1974-ம் ஆண்டு நடந்த உண்மைச் சம்பவம். ஊரின் பெயர் இக்கேதா. விளையாட்டின் பெயர் பேஸ்பால்.

என்ன ஆட்டம் இது?

பேஸ்பால், கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இதிலும் பந்து உண்டு, மட்டை உண்டு, ஓட்டம் உண்டு. ஆனால் மட்டை தட்டையாக இராது. உலக்கை போல உருண்டையாக இருக்கும். பந்து தரையில் குத்தி எழும்பாது; வீசுபவன் கையில் இருந்து நேராக மட்டைக்காரனிடம் வரும். மைதானத்தில் நான்கு மூலைகள். பந்தை அடித்தவன் மூன்று மூலைகளையும் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

ஒரு கட்சிக்கு 9 பேர். ஒருவனை வெளியே அழைத்து வேறொருவனை இறக்கிவிட்டால், வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. அதனால்தான் பெரிய பள்ளிகள் 50 பேர், 100 பேர் என்று ஆட்களைச் சேர்த்து, அவர்களில் பொறுக்கி எடுக்கின்றன.

ஜப்பானியருக்கு இந்த ஆட்டத்தின் மேல் உயிர். அதிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடும் பந்தயம் என்றால் கேட்கவே வேண்டாம்!

அறுபதாண்டுக் கணக்கு!

இந்தப் பந்தயங்கள் நடக்கும் மைதானத்தின் பெயர் கோஷியன். மேற்கு ஜப்பானில் நிஷினோமியா என்ற நகரில் இருக்கிறது. 1924-ல் கட்டப்பட்டது. 40,000 பேருக்கு மேல் உட்காரலாம்.

நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் சுற்றி வருகின்றன அல்லவா? ஜப்பானிலும் அப்படி ஓர் அறுபதாண்டுக் கணக்கு உண்டு. மைதானம் கட்டிய 1924, அந்தக் கணக்கில் முதல் ஆண்டு. அந்த ஆண்டின் பெயரையே மைதானத்துக்கும் வைத்துவிட்டார்கள்!

கோடைகாலப் பந்தயம் 1915-ல் தொடங்கியது. வசந்தகாலப் பந்தயம் 1924-ல் வந்தது. இப்போது கோடைப் பந்தயத்துக்காக 3,000-க்கு மேற்பட்ட பள்ளிகள் மாநிலவாரியாக மோதுகின்றன. கோஷியன் மண்ணை மிதிப்பவை 49 கோஷ்டிகள் மட்டுமே. ஒரு முறை தோற்றால் போச்சு. மறு வாய்ப்பு கிடையாது.

தோற்ற பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த மைதானத்தின் கறுப்பு மண்ணை இரு கைகளாலும் வாரிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கண்ணீர் அந்த மண்ணில் விழும். பார்ப்பவர்களுக்கும் கண் கலங்கும்.

மலைக்குள் ஓர் ஊர்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அந்தத் தீவில் டோக்குஷிமா மாநிலம். அதில் யோஷினோ ஆற்றங்கரையில், மலைகளுக்கு இடையே இருப்பதுதான் இக்கேதா. ஒரு காலத்தில் புகையிலை வியாபாரத்தால் செழித்த ஊர்.

அங்கிருந்து கோஷியன் போவதென்றால், அந்நாளில் கடலைத் தாண்டப் பாலம் கூடக் கிடையாது. ஷிகோகுவை ஜப்பானின் பெருந்தீவோடு இணைக்கும் முதல் பாலம் 1988-ல்தான் திறக்கப்பட்டது. மலைக்குள் பிறந்து மலைக்குள்ளேயே வளர்ந்த பையன்களுக்குக் கோஷியன் என்பது கனவிலும் எட்டாத இடம்.

அந்த ஊருக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார்.

யார் இந்த வாத்தியார்?

அவர் பெயர் பூமியா ட்சுதா. 1923-ல் பிறந்தவர். பள்ளி நாளிலேயே பேஸ்பாலில் பெயர் எடுத்தவர். கல்லூரிக்குப் போனார். அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. கடற்படையில் சேர்க்கப்பட்டார். விமானத்தோடு போய் எதிரியின் கப்பல் மீது மோதி உயிரை விடும் தற்கொலைப் படை இருந்ததே, அந்தப் படையில் அவரும் ஒருவர்! அவருடைய முறை வருவதற்குள் 1945-ல் போர் முடிந்தது. உயிர் பிழைத்தார்.

1950-ல் ஒரே ஓர் ஆண்டு, சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறைக் கோஷ்டியில் பந்து வீசினார். அதை விட்டுவிட்டு இக்கேதா உயர்நிலைப் பள்ளிக்குச் சமூகப் பாட ஆசிரியராக வந்தார். 1952-ல் பேஸ்பால் கோஷ்டியின் பயிற்சியாளர் ஆனார்.

குண்டு முகம். உருண்டை உடம்பு. பின்னாளில் பத்திரிகைகள் அவருக்கு 'பாய்ந்து தாக்கும் தருமா' என்று பட்டப்பெயர் வைத்தன. தருமா என்பது, தள்ளிவிட்டாலும் மறுபடி எழுந்து உட்காரும் ஜப்பானியப் பொம்மை. நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி! அது யாருடைய உருவம் தெரியுமா? போதிதருமர்! நம் காஞ்சிபுரத்தில் இருந்து சீனாவுக்குப் போனவர் என்று சொல்கிறோமே, அதே போதிதருமர்தான்!

பட்டப்பெயர் பொருத்தமானதுதான். ட்சுதா வாத்தியார் விழுந்து விழுந்து எழுந்தவர். ஓர் ஆண்டல்ல, இரண்டு ஆண்டல்ல. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் காத்திருந்தார்! அதுவரை கோஷியன் வாசல் இக்கேதாவுக்குத் திறக்கவே இல்லை. 1971-ம் ஆண்டு கோடைகாலத்தில்தான் முதல் முறையாகத் திறந்தது.

"இத்தனை ஆண்டுகள் ஏன் பாடுபட்டீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இன்றும் அந்த ஊரில் கல்லில் பொறிக்கப்பட்டு இருக்கிறது. மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது பெருங்கடலைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் அதன் கருத்து. அவர் கடல் என்று சொன்னது கோஷியனை!

11 பேர் என்ன செய்தார்கள்?

வாத்தியாரின் பயிற்சி மிகக் கடுமையானது. தாங்க முடியாமல் பலர் விலகிப் போனார்கள். மிஞ்சியவர்கள் 11 பேர். கண்டிப்பு அளவு மீறினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பதற்கும் இதுவே சாட்சி.

இரண்டு கட்சி பிரிந்து பழகலாம் என்றால் 18 பேர் வேண்டும். அதற்கும் வழி இல்லை. இருந்தாலும் 1974 வசந்தகாலப் பந்தயத்துக்கு இக்கேதாவுக்கு அழைப்பு வந்தது.

மற்றப் பள்ளிகளோடு நிற்கும்போது, இக்கேதா வரிசை சின்னதாகத் தெரிந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வந்த பந்தைத் தவற விடவில்லை. ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தார்கள். மற்ற இடத்தில், பந்தை மெல்லத் தட்டி வைத்துவிட்டு மின்னலாக ஓடினார்கள். ஒன்று, இரண்டு என்று ரன்களைச் சிறுகச் சேர்த்து ஜெயித்தார்கள். 'மனதைக் குளிர வைக்கும் பதினொருவர்' என்று பத்திரிகைகள் எழுதின.

இறுதிப் பந்தயம் வந்தது. எதிரே ஹோட்டோக்கு பள்ளி. இக்கேதா 1-க்கு 3 என்று தோற்றது.

தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியை ஜப்பானியர் இன்றும் மறக்கவில்லை. அந்த ஆண்டில் ஜெயித்தது யார் என்பதை மறந்தவர்கள் கூட, தோற்ற பதினொருவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்!

மலையில் எதிரொலி!

அதே 1974-ம் ஆண்டு கோடையில் ஒரு மாற்றம் வந்தது. மர மட்டைகள் அடிக்கடி உடைந்து செலவு வைத்ததால், பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். உலோக மட்டையில் பட்ட பந்து வேகமாகப் பறக்கும்.

ட்சுதா வாத்தியார் இதைப் புரிந்துகொண்டார். "இனித் தட்டி வைப்பது போதாது. ஓங்கி அடிக்க வேண்டும்" என்று முடிவு செய்தார். பையன்களைப் பளு தூக்க வைத்தார். கையும் தோளும் திரண்டன. 'டணார்' என்று அவர்கள் அடிக்கும் சத்தம் மலையில் மோதித் திரும்புவது போல, ஒருவர் பின் ஒருவராக அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் 'எதிரொலி அடி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

1979 கோடையில் மறுபடி இறுதிப் பந்தயம். மினோஷிமா பள்ளியிடம் 3-க்கு 4 என்று ஒரே ரன்னில் தோல்வி!

தருமா பொம்மை மறுபடியும் எழுந்து உட்கார்ந்தது.

1982 கோடையில், டோக்கியோவின் புகழ்பெற்ற வசேடா பள்ளியை 14-க்கு 2 என்று இக்கேதா நொறுக்கியது. இறுதிப் பந்தயத்தில் ஹிரோஷிமா வணிகப் பள்ளியை 12-க்கு 2 என்று வீழ்த்தி வெற்றிக் கொடி நாட்டியது. வாத்தியார் வந்து 30 ஆண்டுகள் ஆன பிறகு கிடைத்த முதல் வெற்றி! 1983 வசந்தத்தில் மீண்டும் வெற்றி. மலைக்குள் இருந்த சின்ன ஊரின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது.

அடுத்த கோடையில் மூன்றாவது வெற்றி நிச்சயம் என்றார்கள். அரை இறுதியில் ஒசாகாவைச் சேர்ந்த பி.எல். பள்ளி எதிர்ப்பட்டது. பந்து வீச வந்தவன் 15 வயதுப் பையன். பெயர் குவாட்டா. 7-க்கு 0! இக்கேதாவால் ஒரு ரன் கூட எடுக்க முடியவில்லை. யாரையும் சின்னவன் என்று நினைக்கக் கூடாது என்ற பாடத்தை ஊருக்கெல்லாம் கற்பித்த பள்ளிக்கே, அதே பாடம் திரும்பி வந்தது!

1986 வசந்தத்தில் இக்கேதா இன்னொரு முறை கோப்பையை வென்றது.

இன்று எப்படி?

ட்சுதா வாத்தியார் 2001-ல் காலமானார். 2006-ல் இக்கேதா, சுற்றியுள்ள ஊர்களோடு சேர்ந்து மியோஷி நகரம் ஆகிவிட்டது. 2014-ல் இக்கேதா பள்ளி, 22 ஆண்டுகளுக்குப் பிறகு கோஷியன் மண்ணை மிதித்தது. முதல் ஆட்டத்திலேயே 3-க்கு 4 என்று தோற்றது. ஆனால் பழைய பெயரைப் பார்த்ததுமே கிழவர்கள் முகத்தில் மகிழ்ச்சி பொங்கியது.

விதிகளும் மாறிவிட்டன. ஒரு மாணவன் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது. பிள்ளைகளின் தோள் கெட்டுப் போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 2024 முதல் உலோக மட்டையையும் மாற்றிவிட்டார்கள். பந்து முன்போலப் பறக்காது. எதிரே நிற்கும் பையனுக்கு அடிபடும் பயம் குறைவு.

ஆனால் ஜப்பானியக் கிராமங்களின் கவலை வேறு. பிறக்கும் குழந்தைகள் குறைந்துவிட்டன. இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். 11 பேர் அல்ல, 9 பேரே கிடைக்காத பள்ளிகள் பல! அதனால் இரண்டு மூன்று பள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோஷ்டியாக ஆட இப்போது அனுமதி உண்டு. வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவன் சட்டையிலும் ஒவ்வொரு பள்ளியின் பெயர் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடலாம். அதனால் என்ன? பக்கத்து ஊர்ப் பையனோடு தோள் சேர்ந்து ஆடினோம் என்ற நினைவு, ஆயுள் முழுவதும் கூட வருமே!

கோப்பை ஓர் ஆண்டுக்கு ஒரு பள்ளிக்குத்தான் கிடைக்கும். கடலைக் காட்டும் வாத்தியார் கிடைத்துவிட்டால், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்த கோப்பை.

"நம் ஊரில் ஆள் இல்லை, வசதி இல்லை" என்று யாராவது சொன்னால், இந்தப் பதினோரு பையன்களின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்!