ஒலி ஒன்று, எழுத்து வேறு

ஆங்கிலத்தில் இரவும் ‘நைட்’, அந்தக்காலக் குதிரைவீரனும் ‘நைட்’. வீரனை எழுதும்போது மட்டும் முன்னால் ஒரு ‘கே’ வந்து நிற்கிறது. வாயில் வராத எழுத்து ஏட்டில் எதற்கு?

ஒருகாலத்தில் அது வாயிலும் வந்தது. சாசர் கவிதை எழுதிய 14ஆம் நூற்றாண்டில் இரவு ‘நிஹ்ட்’, வீரன் ‘க்னிஹ்ட்’. இன்று மௌனமாகிவிட்ட ‘ஜிஎச்’ அன்று காற்று உரசிவரும் ஓர் ஒலி. பிறகு அதுவும் போயிற்று, ‘கே’யும் உதிர்ந்தது. உறவு மொழியான ஜெர்மனில் ‘கே’ உதிரவில்லை. முழங்கால் ஆங்கிலேயருக்கு ‘நீ’, ஜெர்மானியருக்கு இன்றும் ‘க்னீ’.

பேச்சு மாறியபோது எழுத்து ஏன் கூடவே மாறவில்லை? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்துவிட்டது. உச்சரிப்போ ஓடிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம்பெயர்ந்தன. சந்திப்பதற்கான ‘மீட்’டில் இரண்டு ‘இ’. இறைச்சிக்கான ‘மீட்’டில் ‘இ’யும் ‘ஏ’யும். முன்பு முதலாவதை ‘மேட்’ என்றார்கள். இரண்டாவதை வாயை இன்னும் சற்றுத் திறந்து சொன்னார்கள். இரண்டும் நகர்ந்து ‘மீட்’டில் கலந்தன. ‘கிரேட்’, ‘பிரேக்’ போன்ற சில சொற்கள் மட்டும் அதே ‘இஏ’ எழுத்தோடு பின்தங்கிவிட்டன.

நம் மரமும் மறமும் இப்படித்தான். பெரும்பாலோர் பேச்சில் வேறுபாடு மறைந்துவிட்டது, எழுத்தில் நிற்கிறது.

ஆகவே காதை நம்பிப் பயனில்லை; சொல்லின் உறவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகராமல் நிற்பதும் ‘ஸ்டேஷனரி’, காகிதம், பேனா வகையறாவும் ‘ஸ்டேஷனரி’. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரி ‘ஸ்டேஷனர்’. அவர் பெயரின் கடைசியில் ‘இஆர்’. அவர் விற்ற சரக்கிலும் அதே ‘இஆர்’. நகராத பொருளுக்கு ‘ஏஆர்’.

‘அங்கே’ என்பதும் ‘தேர்’, ‘அவர்களுடைய’ என்பதும் ‘தேர்’. கணினியின் பிழைதிருத்தியும் இங்கே பல நேரம் கைவிட்டுவிடும். இரண்டுமே சரியான சொற்கள் அல்லவா! ஆனால் ‘இங்கே’, ‘எங்கே’, ‘அங்கே’ மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்கள் ‘எச்இஆர்இ’ என்றே முடிகின்றன. இடத்தைச் சொல்கிறோமா என்று பார்த்தால் போதும், எழுத்து தானாக வரும்.