காவல் தளரும் வாரம்

கருப்பை, சிக்கலான காவல் வேலை பார்க்கும் ஓர் உறுப்பு.

இலங்கையின் லுணுகலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் தனக்கு வெள்ளைப்படுகிறது என்றால், லயத்தில் உடனே கிடைக்கும் விளக்கம் "உடம்பு சூடு". அடுத்து வருவது, சுத்தம் போதாது என்ற பழி. மாதவிலக்குக்கு முந்திய நாட்களில்தான் அரிப்பு கூடுகிறது என்று அவள் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. அவள் கவனித்தது சரி. பூஞ்சைத் தொற்றின் அரிப்பு பலருக்கு அந்த நாட்களில் கூடுவது வைத்தியர்கள் அறிந்ததுதான்.

கருப்பை கிருமியைத் தடுக்கவும் வேண்டும், பாதி தகப்பனுடையதான கருவை ஏற்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் நாள் குறிப்பவை ஓமோன்கள். முட்டை வெளிவரும்வரை ஈஸ்ட்ரஜனின் கை ஓங்கியிருக்கும். பிறகு புரோஜெஸ்தரோன் கூடும். கருப்பையின் உள்சவ்வில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதையும், முட்டை வெளிவந்த பின் அவற்றின் கொல்லும் திறன் அடங்குவதையும் அமெரிக்காவின் டார்ட்மத் ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். அதே நாட்களில் 'இயற்கைக் கொல்லி' எனப்படும் செல்கள் அங்கே பெருகி, வெள்ளை அணுக்களில் 70 சதவீதம்வரை எட்டுகின்றன. பெயர்தான் கொல்லி. கரு தங்கினால், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களை விரிக்க உதவுபவை இவைதான். கரு தங்காவிட்டால் புரோஜெஸ்தரோன் இறங்கும், நியூட்ரோஃபில் செல்கள் நுழையும், சவ்வு உடையும். தீட்டென்று ஒதுக்கிவைக்கும் அந்த உதிரப்போக்கில் நோயெதிர்ப்புச் செல்களின் உழைப்பும் இருக்கிறது.

முட்டை வெளிவந்து ஏழிலிருந்து பத்து நாட்கள்வரை எச்.ஐ.வி. போன்ற கிருமிகளுக்கு வழி சற்று இளகுகிறது என்ற கருத்தை டார்ட்மத் குழுவினர் 2008இல் முன்வைத்தார்கள். அப்படியானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ கருத்தடை ஊசி? அதிலிருப்பதும் புரோஜெஸ்தரோன் வகைதான். அதுவும் தொற்றுக்கு வழி திறக்குமோ என்ற அச்சம் வீணானதல்ல. அதனால்தான் தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வத்தினி ஆகிய நாடுகளில் 7,829 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஊசி, லூப், கையில் வைக்கும் குச்சி மூன்றுக்குமிடையே எச்.ஐ.வி. தொற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது. ஆகவே பயந்து ஊசியை நிறுத்த வேண்டாம். ஆனால் ஊசி கர்ப்பத்தைத்தான் தடுக்கும். தொற்றைத் தடுக்க ஆணுறை வேண்டும்.

ஓமோனின் நாட்களை நாம் மாற்ற முடியாது. ஆனால் பகல் முழுக்கக் கொழுந்தெடுக்கும் மலையில் கழிப்பறை கட்டலாம். துணி மாற்ற ஒரு மறைவிடமும் தண்ணீரும் இல்லாமல் ஈரத்துடன் நிற்கவைத்துவிட்டு, சுத்தம் போதாது என்று அவளையே குறை சொல்வது அநியாயம்.

மாதந்தோறும் வந்துபோகும் நிறமற்ற, நாற்றமில்லாத கசிவு நோயல்ல. நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடம்பு சூடென்று இளநீரோடு நாளைக் கடத்தாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். 35 வயதானவர்கள் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் வெல் வுமன் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம்; இந்தச் சேவை நாட்டில் 1996 முதல் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் மகள் இருந்தால், 2017 முதல் பாடசாலையில் போடும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியின் இரண்டு தடவைகளையும் தவறவிடாதீர்கள்.