நூலகத்தில் ஒரு காந்தக் கைப்பணி

புளியங்குளம் என்ற பெயரைப் பலர் போர்ச் செய்திகளின் வாயிலாகவே அறிந்தனர். 1997 இல் ஏ9 வீதியில் இடம்பெற்ற சமரும், 2002 யுத்தநிறுத்தத்தின் பின் அங்கு அமைந்த சோதனை நிலையமும் அப்பெயருடன் ஒட்டிக்கொண்டன. இன்று சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களோ 2009 இல் போர் ஓய்ந்த காலத்திலும் அதன் பின்னரும் பிறந்தவர்கள். பாடசாலையும் தனியார் வகுப்பும் முடிந்தபின் அவர்கள் ஒன்றுகூடத்தக்க பொது இடம் நூலகமே என்பது எமது கருத்தாகும்.

வாசிப்பை மட்டும் காட்டி அழைத்தால் இளையோர் வருவது அரிது. கைகளுக்கும் வேலை தரவேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை என்பதை இந்தியாவின் அரவிந்த் குப்தா பல தசாப்தங்களாக நிரூபித்து வந்துள்ளார். கழிவுப் பொருள்களிலிருந்து விஞ்ஞான விளையாட்டுப் பொருள்கள் செய்யக் கற்பித்த அவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்வழியில் எமது கிராமிய நூலகங்களும் தொடங்கக்கூடிய எளிய முயற்சி காந்தக் கைப்பணியாகும்.

தேவையானவை சோடாப் போத்தல் மூடிகள், பழைய சஞ்சிகைகள், கத்தரிக்கோல், வெள்ளைப் பசை, சிறு கருநிறக் காந்த வில்லைகள் ஆகியனவே. இவற்றுள் விலைகொடுத்து வாங்கவேண்டியவை பெரும்பாலும் காந்தமும் பசையும் மட்டுமே. மூடியின் உட்குழிவுக்கு ஏற்பப் படத்தையோ தாமே எழுதிய எழுத்தையோ வட்டமாக வெட்டி ஒட்டி, மூடியின் வெளிப்புறத்தில் காந்தத்தைப் பொருத்தவேண்டும். மூடி இரும்பாதலால் காந்தம் தானாகவே பற்றும். எனினும், அலுமாரியிலிருந்து இழுக்கும்போது கழன்றுவிடாதிருக்கப் பசை அவசியம். அப்பசை இறுக ஓர் இரவு செல்லும். ஆகவே, செய்தவர் மறுநாளும் நூலகத்துக்கு வரவேண்டியிருக்கும். இது குறையன்று, நன்மையே.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இரும்பு அலுமாரியோ டிரங்குப் பெட்டியோ இருக்கும். நூலகத்தின் இரும்புத் தட்டுகளுக்கு ‘கவிதை’, ‘வரலாறு’, ‘விஞ்ஞானம்’ எனப் பெயர்த்தகடுகளை இளையோரே செய்து கொடுக்கலாம். தம் கையால் பெயரிட்ட தட்டை எவரும் எளிதில் மறப்பதில்லை.

காந்தம் அலுமினியத்தில் ஏன் ஒட்டுவதில்லை, வீட்டிலுள்ள சில்வர் தட்டுகளிற் பலவற்றில் ஏன் ஒட்டுவதில்லை என்ற வினாக்கள் அங்கேயே எழும். சில்வர் தட்டும் இரும்புக் கலவைதான். ஆனால், நிக்கல் சேர்க்கப்படுவதால் அதன் அணு அடுக்கு மாறிவிடுகிறது. விடையைத் தேடிப் புத்தகத்தைத் திறப்பதே இம்முயற்சியின் நோக்கம். தையல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையாகப் பலமுறை தேய்த்து, நீரில் மிதக்கும் இலைமீது வைத்தால் அது வடக்குத் தெற்காக நிற்கும். இரும்பு அலுமாரிக்கு அப்பால் வைத்துப் பார்க்கவேண்டும். கோயில் வாசல் கிழக்கு நோக்கியுள்ளதா, கிப்லா எப்பக்கம் என்பதை ஒரே மேசையிலிருந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்தே கணித்துப் பார்க்கலாம். 1990 இன் வெளியேற்றத்தால் பிரிந்த சமூகங்களின் பிள்ளைகளுக்கு அத்தகைய மேசைகள் மிகவும் அவசியமானவை.

இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது, சிறிய, மிகுந்த வலுவுள்ள வெள்ளிநிறக் காந்தங்களைத் தவிர்க்கவேண்டும். வீட்டிலுள்ள குழந்தை இரண்டை விழுங்கினால் அவை குடற்சுவர்களைக் கடந்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இரண்டாவது, வன்னிக்கே உரியது. இரும்புத் துண்டு தேடி வருமாறு பிள்ளைகளை ஒருபோதும் காடு, வயலுக்கு அனுப்பலாகாது. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தபோதிலும், வன்னி மண்ணில் கண்ணிவெடி அபாயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. இனந்தெரியாத உலோகத்தைத் தொடாது பெரியோருக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் அன்றைய பாடத்தில் ஒன்றாகட்டும்.

பிரதேச சபைகள் ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் இதற்கென ஒதுக்கலாம். நூலகத்தின் கதவு இளையோருக்காகத் திறந்திருக்கிறது என்பதை அறிவித்தலைவிட ஒரு போத்தல் மூடி நன்றாகவே உணர்த்தும் என நாம் நம்புகிறோம்.