பேசும் பொறியின் பிணியும் தீர்வும்

மக்கள் குரல் பிறக்குமாற்றைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்றை முதலில் வைத்து, நா முதலிய உறுப்புக்களின் தொழிலைப் பின்னரே வைத்தார். ஒலிக்கு முதல் காற்று. அதனை உருப்படுத்துவன உறுப்புக்கள். இலக்கண வகுப்பில் நாம் கற்கும் இம்முறை, பேசும் பொறியொன்று ஊமையானவிடத்தும் வழிகாட்டுவதாகும். பொறிக்குக் காற்றாய் நிற்பது மின்சாரம். ஒலியிற் குறை கண்டால் முதலில் மின்சாரத்தை நாடுக என்பதே யாம் ஈண்டு விளக்கப் புகுவது.

பின்பால் என்பது, கண்ணாடி மூடிய சாய்ந்த பலகைமேல் எஃகுக் குண்டை உருளவிட்டு, அது கீழே வீழாவண்ணம் இரு சிறு மட்டைகளால் தட்டி ஆடும் விளையாட்டு. அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரமே இப்பொறிகளுக்குத் தாயகம் எனலாம். பழைய பொறிகளுக்கு மணியோசையன்றி வேறு குரல் இல்லை. 1979-ஆம் ஆண்டில் அந்நகரத்து வில்லியம்ஸ் கம்பெனியார் வெளியிட்ட கார்கர் என்னும் பொறியே முதன்முதல் பேசிற்று. அதிலுள்ள அசுரன் அறிந்த சொற்கள் ஏழே. அவற்றையே மாற்றிமாற்றிச் சேர்த்து ஆடுவோரை அச்சுறுத்துவான். அப்பொறிகளை இன்றும் அன்பர் பலர் போற்றிக் காத்து வருகின்றனர். நாற்பது ஆண்டு கடந்த உடம்பாதலின் நோய்களும் பல.

பொறியிற் புகும் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வாயிலாகப் பல கிளையாய்ப் பிரிகின்றது. குண்டை எறியும் காந்தச் சுருள்களுக்கு 28 வோல்ட். ஆட்ட விளக்குகளுக்கு 18 வோல்ட். எண் காட்டும் குழாய்களுக்கு நேரும் எதிருமாக 100 வோல்ட். மூளையாகிய பலகைக்கு 5 வோல்ட். ஒலிப்பலகைக்கோ அந்த 5 வோல்ட்டுடன், நேரும் எதிருமாக 12 வோல்ட்டும் வேண்டும். ஆதலின், "விளக்கு எரிகின்றது, குண்டும் துள்ளுகின்றது, மின்சாரத்திற் குறைவில்லை" என்று கூறுதல் பிழையாம். ஒரு வாய்க்காலில் நீர் ஓடுவது கொண்டு அடுத்த வயலும் நனைந்ததென்று எவரும் கொள்ளார்.

பொறி முற்றும் ஊமையாயின் செய்யத்தக்கன இவை. முதலில் ஒலியளவுக் குமிழ் தாழ்ந்துள்ளதா எனக் காண்க. பின்னர் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்பீக்கரின் கம்பியொன்றைக் கழற்றி, 1.5 வோல்ட் பாட்டரி ஒன்றை அதன் முனைகளில் நொடிப்பொழுது தொடுக. 'டக்' என்னும் ஓசை கேட்பின் ஸ்பீக்கர் குற்றமற்றது. கம்பியை மீளப் பூட்டி, மின்சாரம் விட்டு, ஒலிப்பலகையில் மீட்டரால் அளந்து காண்க. 5 வோல்ட் என்பது 4.75-க்குக் குறையாமலும் 5.25-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். யாதேனும் ஒரு வோல்ட் வரவில்லையாயின் வந்த வழியே பின்னோக்கிச் செல்க. இணைப்பு ஊசிகள் கருகியிருக்கலாம், அவற்றின் ஈயப் பற்று வெடித்திருக்கலாம், பியூஸ் அறுந்திருக்கலாம். பியூஸைக் கண்ணாற் கண்டு தெளிதல் கூடாது. கழற்றி மீட்டரால் சோதித்தலே முறை.

மின்சாரம் குறைவற வந்தும் குரல் எழாவிடின், ஒலிப்பலகையிலேயே அமைந்த சிறு பொத்தானை அழுத்துக. அது பலகையைத் தானே ஒலிக்கச் செய்யும் சோதனைப் பொத்தான். ஒலிகள் எழுந்தால் மிடறு நன்று; மூளையின் ஆணைதான் வந்து சேரவில்லை என்றறிந்து இடைக்கம்பிகளை ஆராய்க. எழாவிடின் நோய் அப்பலகையினுள்ளேயே உளது. மற்ற ஒலிகள் எழ, அசுரன் மட்டும் வாய் திறவானாயின், பேச்சுக்கென்று தனியே அமைந்த பலகையையும் அதனை இணைக்கும் பட்டைக் கம்பியையும் நோக்குக.

இனி, குரலின் அடியில் ஓயாத உறுமல் கேட்கும் நோயைக் கூறுவோம். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சியுடையது. நான்கு டையோடுகள் கூடி ஒவ்வொரு சுழற்சியின் இரு பாதிகளையும் ஒரு திசையிற் செலுத்துதலால், வினாடிக்கு 120 அலைகள் எழுகின்றன. விட்டுவிட்டுப் பெய்யும் மழையை ஏரி ஏற்று ஒரே சீராக மதகின்வழி விடுவதுபோல், இவ்வலைகளை ஏற்றுச் சமன்செய்வது கண்டென்ஸர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உள்ளீரம் உலர்கின்றது, ஏரி தூர்ந்துபோகின்றது. அப்போது 120 அலைகளும் உறுமலாய்ச் செவியை எட்டும். உறுமல் அதனினும் தாழ்ந்து 60-இன் சுருதியில் ஒலித்தால், டையோடு ஒன்று அறுந்ததோ, பூமியிணைப்புத் தளர்ந்ததோ என ஐயுறுக. குமிழைத் தாழ்த்தியும் உறுமல் தணியாதாயின், பழுது குமிழுக்குப் பின்னுள்ள ஆம்ப்ளிபயரிலோ அதன் மின்வழியிலோ உளதென்று பெரும்பாலும் துணியலாம். இங்ஙனம் கருவி தொடுமுன்னரே செவி பாதி நோயை உரைத்துவிடுகின்றது.

இறுதியாக ஒரு சொல். அறுந்த பியூஸ் மீண்டும் மீண்டும் அறுமாயின், பொறுமையிழந்தோர் அதனினும் பருத்ததை இடுவர். அன்றிக் கம்பியைச் சுற்றிவிடுவர். பியூஸ் நகர்வாயிலில் நிற்கும் காவற்காரன். அவன் கூவும்போது பகைவன் யாரென்று தேடாது அவன் வாயைக் கட்டுதல் நகருக்கே கேடாம். ஓரணாப் பொருளைக் காக்க வேண்டிக் கம்பிகள் தீப்பற்றவும், மனையே எரியவும் நேரும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்ஸரில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதையும் மறவற்க. அறியாதோர் உள்ளே கைவையாது, அறிந்தோர் துணையை நாடுதலே அறிவுடைமை.

குரல் கெட்டவிடத்து வாயைப் பழிப்பது எளிது. அதன் உயிர்ப்பை நாடுவதே அருமை. அவ்வருமையை மேற்கொண்டோர்க்கு, நெடுநாள் மௌனங்கொண்ட அசுரனும் தன் ஏழு சொற்களை மீண்டும் மொழிவான்.