மார்கரெட்டும் ரீட்டாவும் நம்ம ‘முத்து’தான்! மரக்காணத்துக் கிரேக்கர்கள் விட்டுப்போன பெயர்க்கதை

ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகும்போது, மரக்காணத்தில் வெள்ளை வெளேரெனக் குவிந்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊர் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வணிகர்களுக்குத் தெரிந்த துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிபுளூஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. இதில் சோபட்மாதான் மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள்.

அதே கையேட்டில் ஒரு பெண் பெயரின் வேர் இருக்கிறது. சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய சரக்குகளில், மிளகோடு ‘மார்கரிதேஸ்’ என்றொரு பொருள். அப்படியென்றால் முத்து. மார்கரெட் என்ற பெயர் பிறந்தது இந்தச் சொல்லிலிருந்துதான்! கிரேக்கர்களுமே இதைக் கிழக்கிலிருந்து கடன் வாங்கியவர்கள்தான்; பாரசீகத்தில் முத்துக்கு ‘மர்வாரித்’ என்று பெயர். பெயர் கேட்க அழகு. ஆனால், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்றும் அதே நூல் சொல்கிறது.

பிறகு அந்தியோக்கியாவின் புனித மார்கரெட்டால் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. மார்கரீட்டா, பிரெஞ்சில் மார்கெரித், சுருக்கினால் கிரேட்டா, மெக்... அட, நம்மூர் ரீட்டாவும் மார்கரீட்டாவின் வால்தான்! ஆக, ரீட்டா டீச்சரும் முத்தம்மா பாட்டியும் அர்த்தத்தில் ஒரே ஆள்.

உலகத்துக்கு மார்கரெட் தாட்சர் என்றால், நமக்கு இரண்டு அயர்லாந்து மார்கரெட்கள். ஒருவர், 1867-ல் பிறந்த மார்கரெட் எலிசபெத் நோபிள். யார் என்கிறீர்களா? சகோதரி நிவேதிதா! பாரதி குருவாக ஏற்று, 1908-ல் வெளியான ‘சுதேச கீதங்க’ளைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான்.

இன்னொருவர் மார்கரெட் கசின்ஸ். ‘ஜன கண மன’ பாடலின் மெட்டை 1919-ல் மதனப்பள்ளியில் இசைக்குறிப்பாக எழுதிவைத்தவர். அதற்கு முன்பே, 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட அந்தச் சங்கத்தில் இவரோடு உழைத்தவர், 1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இவர் பெயரிலும் முத்து!

கசின்ஸ் 1954-ல் அடையாறில் காலமானார். முத்துலட்சுமி ரெட்டியின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியதும் அதே 1954-ல்தான்.