அநுராதபுரத்து மணிமுடி: பொன்னியின் செல்வனில் எது கதை, எது வரலாறு?

"பிக்குமார் ராஜராஜனுக்கு இலங்கையின் மணிமுடியைக் குடுக்க வந்தது உண்மையா?" மணிரத்னத்தின் படங்கள் 2022 இலும் 2023 இலும் வெளிவந்த பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. விக்கிப்பீடியாவில் நாவல் பற்றிய கட்டுரையைச் செம்மைப்படுத்த இறங்கியபோது, முதலில் இதற்கே விடை தேடினேன்.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாவலின் இரண்டாம் பாகம் 'சுழற்காற்று'. அதில் அருள்மொழிவர்மன் சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்கிறான். பௌத்த சங்கம் அரியணையைத் தர முன்வர, மறுக்கிறான். கதைச் சுருக்கத்துக்கு நாவலே போதிய ஆதாரம். நாட்டுடைமையான நூல் என்பதால் பதிப்புகள் பல. பக்க எண்ணை விடப் பாகமும் அத்தியாயமும் தருவதே பயன்படும். ஆனால் இதே காட்சி 'வரலாற்றுப் பின்னணி'க்குள் நுழைந்தால் சிக்கல். அது கல்கியின் கற்பனை.

சூளவம்சம் சொல்வதோ ஏறக்குறைய நேரெதிர். ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்த சோழப்படை விகாரைகளை உடைத்துச் செல்வங்களை அள்ளிச் சென்றது என்கிறது அது. பிக்குகள் எழுதிய நூல் என்பதையும் மறக்கக்கூடாது. மறுபுறம், திருகோணமலையின் வெல்கம் விகாரை சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'இராஜராஜப் பெரும்பள்ளி' ஆகிறது; அதற்குத் தமிழர் கொடையும் அளித்திருக்கிறார்கள். சோழர் விகாரைகளைக் காத்தவர்களா, கொள்ளையடித்தவர்களா என்று அரசியல் மேடைகள் ஒற்றை வரியில் முடிக்கும் நாட்டில், ஒரு நாவல் காட்சி வரலாறாக உலவுவது சின்ன விடயமல்ல.

காலமும் கவனிக்க வேண்டியது. கதை நடப்பது சுந்தர சோழர் ஆட்சியில். அக்கால ஈழப் படையெடுப்பில் இறந்த தளபதியாகக் கல்வெட்டு குறிப்பிடுவது கொடும்பாளூர்ச் சிறியவேளானை. ராஜராஜன் அரியணை ஏறியது 985 இல். அவனது ஈழப் படையெடுப்பு 993 அளவில்.

பாத்திரங்களிலும் இதே கலவை. வந்தியத்தேவர் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறார். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறான். நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைத்தவர்கள்.

இத்தனையும் கையில் இருந்தாலும், சூளவம்சத்தையும் சுழற்காற்றையும் அருகருகே வைத்து நானே தீர்ப்பு எழுத முடியாது. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்த ஆய்வாளரின் அச்சு நூல் வேண்டும். அதைத் தேடித்தான் இப்போது வெள்ளவத்தை கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்வருகிறேன்.